பிளேடால் சுரண்டிய விண்ணப்பம்

அன்புள்ள மக்கா,

உன் கல்யாணத்துக்கு இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கிறது. பந்தல்காரரிடம் சொல்லியாயிற்று, சமையல்காரரிடம் சொல்லியாயிற்று. உன்னிடம் சொல்லவேண்டிய ஒரு விஷயம் மட்டும் எட்டு வருஷமாகச் சொல்லாமல் கிடக்கிறது. நேற்று சாயங்காலம் உன் அம்மா தேங்காய் துருவிக்கொண்டே, "அந்தக் காரியத்த அவனுக்கு எழுதிப்போடுங்க. இப்பம் எழுதினா அவன் ஒருத்தன் திட்டுவான். கல்யாணம் கழிஞ்சா ரெண்டு பேரும் சேந்தாக்கும் திட்டுவாவ" என்றாள். அதில் நியாயம் இருப்பதாகப் பட்டது. அதனால் இன்று ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு எழுதுகிறேன். கடிதம் நீளும். பெங்களூரில் வேலை நேரத்தில் இதைப் படிக்காதே.

நீ ப்ரீ டிகிரி பரீட்சை எழுதி முடித்த விடுமுறையில் ஆரம்பித்தது இது. நெய்யாற்றின்கரையில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் புதிதாகக் கம்ப்யூட்டர் சென்டர் திறந்திருந்தார்கள். நீ அங்கே இரண்டு மாத வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாய். ஒருநாள் காலையில் புட்டும் பயறும் தின்றுகொண்டிருந்தபோது, இனி என்ன படிக்கப்போகிறாய் என்று கேட்டேன். நீ தலை நிமிராமல், "கேம் புரோகிராம் செய்யணும் அப்பா" என்றாய். எனக்குக் 'கேம்' மட்டும்தான் காதில் விழுந்தது. 'புரோகிராம்' என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் கோயில் திருவிழா நோட்டீஸில் அச்சடிப்பது. ஆக, என் பிள்ளை விளையாட்டுத் துறையில் சேர ஆசைப்படுகிறான் என்று முடிவு செய்தேன். நீ பஸ்ஸுக்காக ஓடிக்கூட நான் பார்த்ததில்லையே என்று ஒரு சந்தேகம் வரத்தான் செய்தது. பிள்ளைகளின் திறமை மறைந்து கிடக்கும் என்று எங்கோ படித்திருந்ததால் சந்தேகத்தை ஒதுக்கிவிட்டேன்.

மறுநாளே உன்னைப் பாறசாலையில் எனக்குத் தெரிந்த ஒரு டிரில் சாரிடம் கூட்டிப்போனேன். விளையாட்டு ஒதுக்கீட்டில் காலேஜில் இடம் வாங்குவது எப்படி என்று அவருக்குத் தெரியும். "பையனுக்கு என்ன கேம் சாரே?" என்று அவர் கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். நான், "எல்லா கேமும் உண்டு" என்றேன். அவர் விசில் அடித்தார், நீ ஓடினாய். மைதானத்தை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தபோது அங்கே புல் மேய்ந்த பசு கூட உன்னை இரக்கமாகப் பார்த்தது. பிறகு உன் கையில் இரும்புக் குண்டைக் கொடுத்தார். நீ அதைத் தோளில் வைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு எறிந்தாய். குண்டு உன் செருப்புக்குப் பக்கத்திலேயே விழுந்தது. டிரில் சார் என்னைத் தனியாக அழைத்துப்போய், "பிள்ளைக்க குணம் ரொம்ப நல்லதாக்கும். ஆனா குணத்துக்குக் கோட்டா இல்ல சாரே" என்றார்.

திரும்பி வரும்போது பஸ் ஸ்டாப்பில் வைத்துதான் நீ மெதுவாகச் சொன்னாய், "அப்பா, இந்தக் கேம் இல்ல. கம்ப்யூட்டருக்குள்ள உள்ள கேம். அத எழுதுகதுக்குப் படிக்கணும்னு சொன்னேன்."

"அப்பம் நீ எதுக்குல ஓடின?"

"நீங்க ஓடச் சொன்னியள்லா?"

அந்தப் பதிலைக் கேட்டு எனக்கு அன்று பெருமையாக இருந்தது. தகப்பன் சொல் கேட்கிற பிள்ளை என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். உன்னிடம் நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

கம்ப்யூட்டர் என்று சொல்லிவிட்டாய் அல்லவா, உடனே நான் அடுத்த முடிவுக்குப் போனேன். கம்ப்யூட்டர் என்றால் எஞ்சினியர். எஞ்சினியர் என்றால் வீட்டு வாசலில் பலகை. உன் என்ட்ரன்ஸ் ரேங்க் வந்தபோது அந்தப் பலகை ரொம்பத் தூரத்தில் நின்றது. அப்போதுதான் பனச்சமூட்டிலிருந்து உன் மாமா, அம்மாவின் தம்பி, ஒரு யோசனையோடு வந்தார். அவர் வீடு எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில். நம் வீடு இந்தப் பக்கம், கேரளாவில். "அத்தான், பய எனக்க வீட்டுல நின்னு வளர்ந்தவன்னு ஒரு இருப்பிடச் சான்று வாங்கிப்போடுவோம். அங்க எஞ்சினியரிங் சீட்டு கிடைக்கும். ரெண்டு ஸ்டேட்டுலயும் காலு வச்சிருக்கோம், ஒரு காலாவது நிக்காதா?" என்றார். முப்பது வருஷமாக சர்வே துறையில் வேலை பார்க்கிறவன் நான். அடுத்தவன் நிலத்தில் ஒரு சாண் தள்ளிக் கல் நட்டவனை எத்தனையோ தடவை கண்டித்திருக்கிறேன். உனக்காக ஒரு மாநில எல்லையையே தள்ளிவைக்கச் சம்மதித்தேன்.

வி.ஏ.ஓ. விசாரிக்க வந்த நாள் உனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். மாமா வீட்டு முற்றத்தில் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தோம். அவருடைய நாற்காலிக்குக் கீழே மாமாவின் நாய் படுத்திருந்தது. "பையன் இங்கதான் இருக்கானா?" என்று அவர் கேட்டார். "பொறந்ததுல இருந்தே இங்கதான் சார். இந்த முற்றத்துல தவழ்ந்தவனாக்கும்" என்றார் மாமா, கண்ணில் நீர் வராத குறையாக. ஏற்கெனவே சொல்லிவைத்தபடி நீ உள்ளறையிலிருந்து சட்டை போடாமல், சொந்த வீட்டுப் பிள்ளைபோல, தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தாய். நாய் எழுந்து உன்னைப் பார்த்தது. பிறகு ஒரு குரை குரைத்துப் பாய்ந்ததே! நீ கிணற்றை இரண்டு சுற்றுச் சுற்றினாய். டிரில் சார் அன்று அங்கே இருந்திருந்தால் ஓட்டத்தில் உனக்கு இடம் வாங்கிக் கொடுத்திருப்பார். கடைசியில் சாம்பல் மூட்டைகளின் மேல் ஏறி நின்றாய். மாமா நாயைப் பிடித்துக் கட்டியபின், வி.ஏ.ஓ. டீயை மிச்சம் வைக்காமல் குடித்தார். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "பொறந்ததுல இருந்தே இங்க இருக்கான். ஆனா நாய்க்கு மட்டும் யாரும் சொல்லல போல" என்றார். கையெழுத்துப் போடாமல் போனார். மேலே புகார் எழுதாமலும் விட்டார், அந்தப் புண்ணியவான்.

அன்று பஸ்ஸில் நீ என்னிடம், "அப்பா, நான் எஞ்சினியரிங் கேக்கவே இல்லியே. கணக்கு பி.எஸ்.சி. படிச்சாப் போதும். அதுக்குப் பிறவு எம்.சி.ஏ. எழுதலாம். சென்டர்ல விசாரிச்சேன்" என்றாய். பஸ் சத்தத்தில் கேட்காததுபோல நான் வெளியே பார்த்தேன். முழுக்கக் கேட்டது மக்கா.

எனக்குக் கணக்கு பி.எஸ்.சி. என்றாலே பயம். நம் ஜங்ஷனைச் சுற்றிக் கணக்கு படித்தவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேரும் டுடோரியல் காலேஜில் பாடம் நடத்திக்கொண்டு, சட்டையில் சாக்பீஸ் பொடியோடு, கக்கத்தில் குடையோடு போவார்கள். நல்ல மனிதர்கள். ஆனால் அவர்களில் எவருக்கும் நாற்பது வயதுவரை பெண் கிடைக்கவில்லை. அந்த நேரம் பார்த்து மாமா மறுபடி வந்தார். கெமிஸ்ட்ரி படித்தால் ரப்பர் ஃபாக்டரியில் லேப் வேலை நிச்சயம், வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நிற்கலாம், பார்க்கிறவர்கள் டாக்டர் என்று நினைப்பார்கள் என்றார். நாய் விஷயத்தில் அவர் யோசனை என்ன ஆயிற்று என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. வெள்ளைக் கோட்டு என் கண்ணிலேயே நின்றது.

இனி சொல்லப்போவதுதான் நான் உன்னிடம் மறைத்தது. பி.எஸ்.சி. விண்ணப்பத்தை நீ உன் கையால் எழுதி, விருப்ப வரிசையில் கணக்குக்கு ஒன்று, பிசிக்ஸுக்கு இரண்டு, கெமிஸ்ட்ரிக்கு மூன்று என்று போட்டு, என் ஆபீஸுக்குப் போகிற வழியில் காலேஜில் கொடுக்கச் சொல்லித் தந்தாய். எங்கள் ஆபீஸில் வரைபடத்தில் மை தவறி விழுந்தால், புதுப் பிளேடை எடுத்துத் தாள் கிழியாமல் அந்தக் கோட்டை மட்டும் சுரண்டி எடுப்போம். எனக்கு அதில் நல்ல கைப்பழக்கம். அன்று மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபின், உன் விண்ணப்பத்தை மேஜைமேல் விரித்து ஒன்றையும் மூன்றையும் சுரண்டினேன். நகத்தால் தேய்த்து வழுவழுப்பாக்கி, உன் எழுத்துபோலவே இடம் மாற்றி எழுதினேன். நடுவில் பிசிக்ஸ் ஒன்றும் அறியாமல் உட்கார்ந்திருந்தது. அரசாங்க வேலையில் நான் செய்த சுத்தமான திருத்தம் அதுதான். அதைச் செய்துவிட்டுச் சாப்பாட்டுப் பொட்டலத்தைத் திறந்தேன், சாப்பாடு இறங்கவில்லை. சாயங்காலம் விண்ணப்பத்தைக் காலேஜில் கொடுத்துவிட்டு, பொட்டலத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டு வந்தேன். அம்மா அந்தப் பொட்டலத்தையும் என் முகத்தையும் பார்த்து, பத்து நிமிஷத்தில் உண்மையை வாங்கிவிட்டாள். "அவனுக்கத் தலையெழுத்தச் சொரண்டிட்டு வந்திருக்கீங்க" என்றாள்.

கெமிஸ்ட்ரியில் இடம் கிடைத்ததாகக் கார்டு வந்தது. நீ அதைப் படித்தாய், மடித்து வைத்தாய், மார்க் பற்றவில்லை என்று உன்னையே சொல்லிக்கொண்டாய். அதற்குப் பிறகு வந்த நாட்களில் நீ என்மேல் ஒரு தடவையாவது எரிந்து விழுந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நீ முன்பைவிட மரியாதையாக நடந்துகொண்டாய். கேட்காமலே கடைக்குப் போய்வந்தாய். மார்க் குறைந்த பிள்ளை வீட்டுக்குப் பாரம் என்று நினைத்துவிட்டாயோ என்னவோ.

சேரவேண்டிய கடைசி நாளுக்கு முந்தின நாள், ஒரு தாளில் உன் கையெழுத்து வேண்டியிருந்தது. கம்ப்யூட்டர் சென்டருக்கு வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே குளிர். கோயிலுக்குள் போவதுபோலச் சட்டையைக் கழற்ற மேல் பித்தானில் கை வைத்து, சுதாரித்துக்கொண்டேன். நீ ஒரு கறுப்புத் திரையின் முன்னால் முதுகை வளைத்து உட்கார்ந்திருந்தாய். திரையில் வெள்ளைக் கோடுகளால் ஒரு பஸ். மேலிருந்து பார்க்கிற மாதிரி ஒரு சாலை. அதில் வெள்ளறடை, பனச்சமூடு, காரக்கோணம் என்று நீயே எழுதியிருந்தாய். நான் குனிந்து பார்த்தேன். அது படம் இல்லை, சர்வே வரைபடம்! அதில் ஒரு பஸ் ஓடியது!

"இடத்தோட்டு திருப்பினா வலத்தோட்டு போவுது அப்பா" என்றாய், நான் வந்ததில் ஆச்சரியமே இல்லாமல். "மூணு நாளா நோக்குதேன். சூத்திரம் சரியாத்தான் இருக்கு." நீ ஒரு பொத்தானை அமுக்கினாய். காரக்கோணத்துக்குத் திரும்பவேண்டிய பஸ் எதிர்ப்பக்கம் திரும்பிக் குளத்தில் இறங்கியது. பக்கத்தில் நீ எழுதிவைத்திருந்த தாளைப் பார்த்தேன். சைன், காஸ். நான் தினமும் கோணம் அளந்து அட்டவணை பார்த்துப் போடுகிற அதே சைன், காஸ்.

"இந்தப் பெட்டியில எண்ணு எங்கருந்து தொடங்குது?" என்று கேட்டேன்.

"மேல, இடது மூலையில."

"பொறவு மேலோட்டு கூடுமா, கீழோட்டா?"

"கீழோட்டு."

"அப்பம் இதுக்க வடக்கு கீழயாக்கும் மக்கா. நீ தாள்ல வடக்க மேல வச்சுல்லா கணக்குப் போட்டிருக்க?"

நீ என்னைப் பார்த்தாய். பிறகு ஒரு மைனஸ் குறியைப் போட்டாய். பஸ் இடப்பக்கம் திரும்பி, வளைவில் ஒழுங்காக வளைந்து, காரக்கோணத்தில் போய் நின்றது. நீ எழுந்து நின்று கைதட்டினாய், நானும் தட்டினேன். சத்தம் போடக்கூடாது என்று சென்டர்க்காரர் அதட்டினார். அப்போது நீ சிரித்துக்கொண்டே சொன்னாய், "இது முழுக்கக் கணக்காக்கும் அப்பா. அதுனாலதான் கணக்கு வேணும்னு இருந்தேன். நமக்கு மார்க்கு எட்டல, என்ன செய்ய?" 'நமக்கு' என்றாய். என் பங்கையும் உன் தோல்வியில் சேர்த்துக்கொண்டாய். கையெழுத்து வாங்காமலே நான் படியிறங்கினேன். செருப்பை மறந்து பஸ் ஸ்டாண்ட் வரை வெறுங்காலோடு நடந்துவிட்டேன்.

மறுநாள் காலேஜ் திறக்குமுன் போய், உனக்குக் கணக்கில் இடம் கேட்டு நின்றேன். கணக்குத் துறைத் தலைவி, கண்ணாடி போட்ட ஒரு டீச்சர். கணக்கில் ஓரிடம் காலியாக இருப்பதாகச் சொன்னார், ஒரு பையன் எஞ்சினியரிங் கிடைத்துப் போய்விட்டான். "பின்ன பையன் கெமிஸ்ட்ரிக்கு ஏன் ஒண்ணு போட்டான்?" என்று கேட்டு விண்ணப்பத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். சுரண்டிய இரண்டு இடமும் எண்ணெய் பட்ட தாள்போலப் பளிச்சென்று தெரிந்தன. இனி மறைக்க என்ன இருக்கிறது? "நான்தான் டீச்சர்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "கெமிஸ்ட்ரி படிக்க ஆசை சாருக்கா? அப்பம் அந்த சீட்டுல சாரு வந்து இரிக்கணும். பையன் இங்க வரட்டும்" என்றார். அறையில் இருந்த ப்யூன் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார். பிறகு டீச்சர் ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, என் மகனின் விருப்பத்தை அவனுக்குத் தெரியாமல் நான் திருத்தினேன் என்று என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். எழுதினேன். அதில் ஓர் எழுத்து தவறியது, சுரண்டவில்லை, அடித்துவிட்டு எழுதினேன்.

உன்னிடம் வந்து, கணக்கில் ஒரு இடம் காலியானது, அதிர்ஷ்டம் என்றேன். நீ அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தாய். அம்மா உன் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு நான் இன்னும் தீர்வை கட்டிக்கொண்டிருக்கிறேன்.

மற்றதெல்லாம் உனக்குத் தெரியும். மூன்று வருஷம் கணக்கு, மூன்று வருஷம் எம்.சி.ஏ., பிறகு பெங்களூர். உன் கம்பெனியில் முதலில் நீ செய்தது ஏதோ வெளிநாட்டுக்காரர்களுக்கான சீட்டு விளையாட்டு என்று எழுதியிருந்தாய். அதைக் கேட்ட மாமா அரண்டுபோய், "அத்தான், இங்க ஆத்தங்கரையில சீட்டு களிச்சவன போலீஸு கொண்டுபோச்சு. அங்க அதுக்குச் சம்பளமா?" என்றார். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் நீ கம்ப்யூட்டர் எஞ்சினியர் என்று சொல்லிவந்தேன். இதுவும் ஒரு சுரண்டல்தான், பிளேடு இல்லாமல்.

போன மாதம் திருப்புறத்தில் பெண் பார்க்கப் போனோம். நீ பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தபோது முன்னறையில் நடந்தது உனக்குத் தெரியாது. பெண்ணின் அப்பா என்னிடம், "மாப்பிள்ளைக்கு என்ன ஜோலி?" என்று கேட்டார். எஞ்சினியர் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா எதிரே உட்கார்ந்து முறுக்கைக் கடிக்காமல் கையில் வைத்திருந்தாள். "கேம் எழுதுதான். கம்ப்யூட்டர்ல பிள்ளைகளும் பெரியவங்களும் விளையாடுத கேம். அதுக்குன்னே கணக்கு படிச்சான்" என்றேன். அவர், "களியா?" என்றார் மலையாளத்தில், விளையாட்டா என்று, சரியாகக் கேட்கவில்லையோ என்ற சந்தேகத்தில். "களிதான்" என்றேன். "அதுல நல்லா கணக்கு வேணுமோ?" என்று கேட்டார். நான் தொடங்கினேன். வடக்கு கீழே இருப்பதிலிருந்து பஸ் காரக்கோணத்தில் நின்றது வரை டீப்பாயில் முறுக்குகளை அடுக்கிச் சொல்லிக்கொடுத்தேன். அம்மா என் முட்டியில் இரண்டு தடவை தட்டினாள், நிறுத்தவில்லை. கடைசியில் அவர் ஒரு முறுக்கை நகர்த்தி, "அப்பம் மைனஸு இங்கயா?" என்றார். சம்பந்தம் அப்போதே முடிவாகிவிட்டது மக்கா, நீங்கள் இருவரும் வெளியே வந்தது அதற்குப் பிறகுதான்.

இப்போது ஊரில் பிள்ளைகளை என்ன படிக்க வைக்கலாம் என்று என்னிடம் கேட்க வருகிறார்கள். கணக்கை விடவேண்டாம், கம்ப்யூட்டர் சென்டர் சர்ட்டிபிகேட் அதற்கு மேல் எத்தனை வேண்டுமானாலும் வாங்கலாம் என்று சொல்கிறேன். அதைவிட முக்கியமாக, பிள்ளை சொல்கிற வார்த்தை விளங்காவிட்டால் 'அது என்ன' என்று அவனிடமே கேளுங்கள் என்கிறேன். எனக்கு அந்த ஒரு கேள்வியைக் கேட்க ஒரு மைதானமும், ஒரு நாயும், ஒரு பிளேடும் வேண்டியிருந்தது. உன் வீட்டுக்கு வரப்போகிறவளும் உனக்கு விளங்காத வார்த்தைகளோடு வருவாள். விளங்கிவிட்டதாக நினைத்து எதையும் செய்துவிடாதே.

உனக்கு மார்க் எட்டாமல் போகவில்லை மக்கா. முதல் பட்டியலிலேயே உனக்குக் கணக்கு கிடைத்திருக்கும் என்று அந்த டீச்சர் சொன்னார். எட்டு வருஷமாக நீ குறைவு என்று நினைத்துக்கொண்டிருந்தது என்னுடையது, உன்னுடையதல்ல.

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தால் வழக்கமாக அம்மாதான் ஓடிப்போய் எடுப்பாள். இந்த ஞாயிறு நான் எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். நீ என்ன சொல்ல வேண்டுமோ சொல், நான் நடுவில் பேசமாட்டேன். காலை எட்டு மணியிலிருந்து பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா